வலிக்கிற கையும் வலிக்காத கையும்

நம்ம ஊர்ல ஒரு பொண்ணு "ஸ்கேன் எடுக்கப் போறேன்"னு சொன்னா அடுத்த கேள்வி "எத்தனாவது மாசம்?" என்பதாகத்தான் இருக்கும். அல்ட்ராசவுண்ட் என்றாலே வயிறு, வயிற்றுக்குள் குழந்தை, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி டாக்டர் சொல்லும் "இதோ தலை, இதோ கால்". பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அதே மிஷினை முழங்கையில் வைத்தும் பார்க்கிறார்கள் என்று சொன்னால், "முழங்கையில அப்படி என்னய்யா இருக்கு?" என்பார்கள்.

நிறைய இருக்கு. அந்த மிஷின் முழங்கைக்கு வந்து சேர்ந்த கதைதான் இந்தப் பதிவு. கதைக்கு நடுவுல ஒரு சிக்கலும் இருக்கு. வலிக்கிற இடத்தில் படத்தில் கோளாறு தெரியணும், வலிக்காத இடத்தில் தெரியக்கூடாது, இப்படித்தானே நாம நினைப்போம்? முழங்கை விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்குது. அது எப்படின்னு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல வலியோட பேர்ல இருந்து ஆரம்பிப்போம். டென்னிஸ் எல்போ என்ற வார்த்தையை இந்தியாவில் டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் டெண்டுல்கர். 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியா வந்தபோது முதல் இரண்டு டெஸ்டிலும் அவர் ஆடவில்லை. அதில் இரண்டாவது நம்ம சேப்பாக்கம் டெஸ்ட். (கடைசி நாள் 210 ரன் அடித்தால் ஜெயிக்கலாம் என்ற நிலைமையில் மழை வந்து ஆட்டத்தையே கெடுத்ததே, அதே மேட்ச்தான்.) காரணம் முழங்கை. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார். டென்னிஸ் ஆடாத மனுஷனுக்கு எப்படி டென்னிஸ் எல்போ வரும்னு அப்போ கேட்காத ஆளே இல்லை.

கேள்வி நியாயமானதுதான். 1873-ல் ஜெர்மன் மருத்துவர் ருங்கே இந்த வலியைப் பற்றி எழுதியபோது அவர் பேசியது விளையாட்டைப் பற்றி அல்ல, எழுதி எழுதிக் கை பிடித்துக்கொள்வதைப் பற்றி. லான் டென்னிஸுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கப்பட்டதே 1874-ல்தான். முதல் விம்பிள்டன் 1877-ல். அதுக்கப்புறம் 1882-ல் ஹென்றி மோரிஸ் என்ற சர்ஜன் லான்செட் இதழில் 'லான் டென்னிஸ் ஆர்ம்' என்று எழுதினார். 1883-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மேஜர் என்பவர் 'லான் டென்னிஸ் எல்போ' என்று எழுத, பேர் ஒட்டிக்கொண்டது. ஆக, பேனா பிடித்தவனின் வலியை மட்டை பிடித்தவன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார்கள். பொட்டி தட்டுற நமக்கும் இதில் பரம்பரை உரிமை உண்டு :-)

டாக்டர்கள் வைத்த பேர் லேட்டரல் எபிகாண்டிலைட்டிஸ். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்பக்கம் காட்டினால் முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் எல்லாம் ஒரே டெண்டனாகச் சேர்ந்து அந்த முனையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. (டெண்டன் என்பது தசையை எலும்போடு கட்டிப்போடும் கயிறு. எலும்பை எலும்போடு கட்டும் கயிறு லிகமெண்ட். இரண்டுமே பின்னால் வரும்.) ஈரத்துணியைப் பிழியும்போதும், பால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கும்போதும் சுருக்கென்று குத்துவது அந்த இடம்தான்.

பேரின் கடைசியில் வரும் 'ஐட்டிஸ்'தான் பிரச்னை. ஐட்டிஸ் என்றால் அழற்சி. அதாவது உள்ளே வீங்கிச் சிவந்து கிடக்கிறது என்று அர்த்தம். யார் பார்த்தா? யாரும் பார்க்கலை! 1895-ல் எக்ஸ்ரே வந்தது, ஆனால் அதில் எலும்பு மட்டும்தான் நன்றாகத் தெரியும், டெண்டன் தெரியாது. 1936-ல் லண்டன் மருத்துவர் சிரியாக்ஸ் இந்த வலிக்கு அதுவரை மற்றவர்கள் சொல்லியிருந்த காரணங்களை எல்லாம் தேடித் தொகுத்தபோது 26 தேறியது. ஒரு 'பக்'குக்கு 26 பேர் 26 காரணம் சொன்னால் என்ன அர்த்தம்? ஒருத்தருக்கும் லாக் ஃபைல் பார்க்க வழியில்லை என்று அர்த்தம்.

கத்தி வைத்துத் திறந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். 1979-ல் அமெரிக்க சர்ஜன்கள் நிர்ஷலும் பெட்ரோனும் தாங்கள் ஆபரேஷன் செய்த 88 முழங்கைகளைப் பற்றி எழுதினார்கள். வெட்டி எடுத்த திசுவில் ஒழுங்கு குலைந்த நார்களும், அதற்குள் புகுந்து வளர்ந்த புது ரத்தக் குழாய்களும் இருந்தன. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் இதையே உறுதி செய்தன. அழற்சிக்கான செல்கள் அங்கே பெரிதாக இல்லை. அது வீங்கின கயிறு இல்லை, நைந்துபோய், சரியாக முறுக்கேறாமல் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்ட கயிறு.

'பேர்ல என்ன இருக்கு, விடுங்க'ன்னு தோணலாம். ஆனால் அழற்சி என்று நம்பினால் வைத்தியமும் அதுக்குத்தான் நடக்கும். பல வருஷமாக இதற்குப் போட்டது ஸ்டீராய்டு ஊசி. 2006-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்துச் செய்த ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் 52 வாரம் கழித்துப் பார்த்தால், சும்மா விட்டுப் பார்த்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வைத்த பேர், எத்தனையோ பேர் முழங்கையில் ஊசியாக இறங்கியிருக்கிறது.

சரி, கத்தி இல்லாமல் பார்ப்பது எப்படி? இப்போ மிஷின் கதைக்கு வருவோம்.

1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டுபிடித்தார்கள். இதைத் திருப்பிப் போட்டால், மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பிடிக்க பிரான்ஸின் லாஞ்சவன் இந்தப் படிகத்தை வைத்துத் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டார். கடலுக்கு அடுத்தது இரும்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன், உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலை ஒலியால் பிடிக்கும் கருவிக்கு 1942-ல் காப்புரிமை வாங்கினார்.

இரும்பில் இருந்து உடம்புக்கு அது தாவிய இடம் ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவின் மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்டு, 1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனிக்குப் போனார். வெல்டிங் விரிசல் பார்க்கும் கருவியை அந்தக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்தால், நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, கெட்டியான கட்டிக்கு வேறு மாதிரி எதிரொலி! அடுத்த வருஷம் டாம் பிரவுன் என்ற இன்ஜினியர் அவரோடு சேர்ந்தார். இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த பையன், விரிசல் பார்க்கும் கருவி செய்யும் கெல்வின் அண்ட் ஹியூஸில் வேலை. டாக்டர் கேட்ட மிஷினைச் செய்தது அவர்தான். டொனால்டு, மெக்விகர், பிரவுன் மூன்று பேரும் சேர்ந்து 1958 ஜூன் 7 லான்செட்டில் எழுதிய கட்டுரையில் இருந்துதான் இன்றைய வயிற்று ஸ்கேன் கிளை விட்டது. டாக்டர்கள் கட்டுரையில் ஒரு இன்ஜினியர் பேரும் இருப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அதே 1958-ல் இன்னொரு கட்டுரையும் வந்தது. அதுதான் நம்ம கதைக்கு முக்கியம். எழுதியவர் கார்ல் டுசிக், ஆஸ்திரியாவில் இருந்து அமெரிக்கா போனவர். 1942-லேயே அல்ட்ராசவுண்டால் மூளைக்குள் இருப்பதைப் படம் பிடித்துவிட்டதாக வெளியிட்டவர் இவர். ஆனால் 1950-களில் மற்றவர்கள் சரிபார்த்தபோது அந்தப் படங்களில் தெரிந்தது மூளை அல்ல, மண்டை ஓடு ஒலியைக் குழப்பியதால் வந்த பிம்பம் என்று தெரிந்தது. வேறு யாராவது இருந்தால் கடையை மூடியிருப்பார்கள். டுசிக் மூட்டுக்குப் போனார். தோல், கொழுப்பு, தசை, டெண்டன், குருத்தெலும்பு, எலும்பு ஒவ்வொன்றும் ஒலியை எவ்வளவு குறைக்கிறது என்று அளந்து எழுதினார். நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் பொறுத்து அளவு மாறுவதையும் கவனித்தார். எலும்பு, மூட்டு, தசை சம்பந்தமான அல்ட்ராசவுண்டின் பிள்ளையார் சுழி இதுதான்.

பிள்ளையார் சுழி போட்டும் முழங்கைக்கு வர இன்னும் முப்பது வருஷம் ஆச்சு. ஏன்? எளிய பெருக்கல் வகுத்தல்தான். உடம்புக்குள் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி என்றால் அலைநீளம் அரை மில்லிமீட்டர். வயிற்றுக்கு அது போதும், குழந்தையின் தலை பெரிசு. ஆனால் முழங்கை டெண்டனின் தடிமனே சில மில்லிமீட்டர்தான், அதற்குள் இருக்கும் நார்களைப் பார்க்கணும். 12 மெகாஹெர்ட்ஸ் போனால் அலைநீளம் 0.13 மில்லிமீட்டர். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் ஆழமாகப் போகாது, ஆனால் முழங்கையில் ஆழம் தேவையே இல்லை, எல்லாம் தோலுக்குக் கீழேதான். அந்த மாதிரி புரோப்கள் வரும்வரை முழங்கை காத்திருந்தது.

மற்ற மூட்டுகள் முந்திக்கொண்டன. 1972-ல் முழங்காலுக்குப் பின்னால் வரும் நீர்க்கட்டியையும் காலில் ரத்தம் உறைவதையும் பிரித்துக் காட்டினார்கள். 1978-ல் மூட்டுவாதம் வந்த முழங்காலின் உள்சவ்வு வீக்கம். 1980-களில் தோள்பட்டை. முழங்கைக்கு 1990-ஐ ஒட்டித்தான் விடிந்தது. அந்த வருஷம் டென்னிஸ் எல்போ வந்த ஆட்டக்காரர்களை அல்ட்ராசவுண்டில் பார்த்த ஒரு ஆய்வு வந்தது. 1991-ல் நல்ல முழங்கை எப்படித் தெரியும் என்றே தனியாக ஒரு கட்டுரை வந்தது. 'நார்மல்' எது என்று தெரியாமல் 'எரர்' எது என்று எப்படிச் சொல்வது?

நல்ல டெண்டன் படத்தில் கோரைப்பாய் மாதிரி இருக்கும். பளிச்சென்ற கோடுகள் ஒன்றை ஒட்டி ஒன்று நேராக ஓடும். கெட்டுப்போனால் தடித்து, கோடுகள் கலைந்து, நடுநடுவே கறுத்துத் தெரியும். கிழிந்திருந்தால் கறுப்பாக ஒரு பிளவு. பவர் டாப்ளர் வைத்தால் உள்ளே புகுந்த புது ரத்தக் குழாய்கள் கலரில் மின்னும். 1979-ல் கத்தி வைத்துப் பார்த்ததைக் கத்தி இல்லாமலே பார்க்க முடிந்தது.

ஆனால் ஒரு கண்ணாமூச்சி இருக்கு. புரோப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், ஒலி நார்களில் பட்டு வேறு பக்கம் சிதறிவிடும், திரும்பி வராது. அப்போ நல்ல டெண்டனும் கறுப்பாகத்தான் தெரியும், கிழிந்தது மாதிரியே! டுசிக் 1958-ல் கவனித்த அதே நார்த் திசை விவகாரம். அதனால் அனுபவம் உள்ளவர்கள் கறுப்பைக் கண்டதும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். புரோப்பை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டினதும் மறைந்தால் அது பிம்பம், மறையாமல் நின்றால் கோளாறு.

இதுவரை முழங்கையின் வெளிப்பக்கம். நான் ஆரம்பத்தில் சொன்ன சிக்கல் கிளம்பியது உள்பக்கத்தில், பேஸ்பால் மைதானத்தில்.

பேஸ்பால் பிட்சர் பந்தை எறியும்போது முழங்கையின் உள்பக்கம் பிளக்கப் பார்க்கும். பிளக்காமல் பிடித்து வைப்பது ஒரு சின்ன லிகமெண்ட். அது போனால் ஆட்டக்காரர் கதை முடிந்தது என்றிருந்த காலத்தில், 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு வேறு இடத்து டெண்டனை எடுத்து அங்கே கட்டினார். டாமி ஜான் திரும்பி வந்து பல வருஷம் ஆடினார், அந்த ஆபரேஷனுக்கே அவர் பேர் வந்துவிட்டது. அதிலிருந்து யாருடைய லிகமெண்ட் தாங்கும், யாருடையது போகப்போகிறது என்பது கோடிக்கணக்கான பணம் சம்பந்தப்பட்ட கேள்வி ஆகிவிட்டது.

இங்கே அல்ட்ராசவுண்டுக்கு ஒரு வசதி. எம்ஆர்ஐ என்றால் குழாய்க்குள் அசையாமல் படுக்கணும். அல்ட்ராசவுண்டில் முழங்கையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே மூட்டு எவ்வளவு திறக்கிறது என்று அந்த நிமிஷமே பார்க்கலாம். 2003-ல் நசாரியன் என்பவரின் குழு 26 மேஜர் லீக் பிட்சர்களை இப்படிப் பார்த்தது. ஒருத்தருக்கும் வலி கிடையாது, எல்லாரும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் எறியும் கையில் லிகமெண்ட் தடித்திருந்தது, கறுப்புத் திட்டுகள், சுண்ணாம்புத் துணுக்குகள் அதிகம், தள்ளினால் மூட்டு மற்ற கையைவிடக் கூடத் திறந்தது. 2014-ல் 368 பிட்சர்களைப் பத்து வருஷம் பார்த்த ஆய்வும் இதே திசையில்தான் பேசியது.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் படத்தை மட்டும் ஒரு சர்ஜனிடம் கொடுத்தால் 'கோளாறு' என்பார். ஆனால் அது கோளாறு இல்லை, அந்தக் கை செய்த வேலையின் தழும்பு. இந்த மாதிரி படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பிரித்துப் போட்ட கதைதான். 'படத்துல தெரியுது, ஆனா வலி இல்லை, அப்போ விட்டுடலாம்' என்று இங்கிருந்து ஒரு விதி போட்டுவிடலாம் போல இருக்கும்.

போட முடியாது. ஏன்னா ஜப்பான் குழந்தைகள் இருக்காங்க.

ஜப்பானில் பேஸ்பால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. எட்டு ஒன்பது வயதிலேயே பந்தை எறிய ஆரம்பித்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு முழங்கையின் வெளிப்பக்கம், மேல்கை எலும்பின் உருண்டையான நுனியில், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து உதிர ஆரம்பிக்கும். விவகாரமே என்னன்னா, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. வலி வந்து டாக்டரிடம் போகும்போது துண்டு பிரிந்திருக்கும், ஆபரேஷன்தான். முன்னாலேயே பிடித்தால், பல மாதம் பந்து எறியாமல் இருந்தாலே தானாகச் சேர நல்ல வாய்ப்பு உண்டு.

வலிக்காத நோயைப் பிடிக்கணும்னா வலிக்காத பிள்ளைகளைத்தான் பார்க்கணும். தோகுஷிமா மாகாணத்தில் 1981-லிருந்தே டாக்டர்கள் பிள்ளைகள் ஆடும் இடத்துக்கே போய் முழங்கை பார்த்துவந்தார்கள். அல்ட்ராசவுண்ட் மிஷின் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னதானதும் அதுவும் கூடவே போனது. கதிர்வீச்சு கிடையாது, எத்தனை பிள்ளைகளை வேண்டுமானாலும் பார்க்கலாம். 2006-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 9 முதல் 12 வயது வரை 153 பிள்ளைகளைப் பார்த்தார்கள். உள்பக்க எலும்பு முனை சிதைந்திருந்தது 33 பேருக்கு. நான் சொன்ன அந்த ஆபத்தான நோய் 2 பேருக்கு. இரண்டுதானே என்று தோன்றும். அந்த இரண்டு பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் கேட்டால் கணக்கு வேற மாதிரி வரும்.

ஆக, முப்பது வயது பிட்சருக்கு வலி இல்லை, படத்தில் தெரிகிறது: விட்டுவிடு. பத்து வயதுப் பையனுக்கு வலி இல்லை, படத்தில் தெரிகிறது: உடனே நிறுத்து. மிஷின் ஒன்று, கறுப்பு வெள்ளை ஒன்று, பதில் நேரெதிர். யாருடைய கை, என்ன வயது, எந்த இடம் என்று கேட்காமல் படம் தனியாக ஒன்றும் சொல்லாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உதவியது ஒரு சாதாரண விஷயம்: அடுத்த கை. எது தடித்திருக்கிறது, எது கூடத் திறக்கிறது என்று சொல்ல அதே ஆளின் மற்ற முழங்கையே அளவுகோல். தலைக்கும் வயிற்றுக்கும் இந்த வசதி கிடையாது. கூடவே, 'இங்கே அழுத்தினா வலிக்குதா?' என்று கேட்டுக்கொண்டே படம் பார்க்கலாம்.

இந்தியாவில் மைதானத்துக்கு மிஷின் தூக்கிக்கொண்டு போகலாமா? அவ்வளவு சுலபம் இல்லை. கருவில் பெண் என்று தெரிந்ததும் கலைத்ததால் 1994-ல் சட்டம் போட்டு, 1996-ல் அமலாக்கி, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். மிஷினைப் பதிவு செய்யணும். 2012 விதித் திருத்தப்படி கையடக்க மிஷினைப் பதிவான ஆஸ்பத்திரிக்குள் உள்நோயாளிகளுக்கோ, மற்ற மருத்துவ சேவைகளும் தரும் நடமாடும் வண்டியிலோதான் பயன்படுத்தலாம். முழங்கைக்குத்தான் என்றாலும் மிஷின் அதே மிஷின்தானே! கோபப்படவும் முடியலை. ஆறு வயதுக்குள் 1000 பையன்களுக்கு 2001-ல் 927 பெண் குழந்தைகள், 2011-ல் 919. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடமாடும் வண்டி என்ற வழியையாவது கிரிக்கெட் அகாடமிகள் யோசிக்கலாம்.

மற்றபடி, முழங்கை வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனால் இரண்டு கையையும் நீட்டுங்க. வலிக்காத கையையும் பார்த்துவிட்டு ஒருத்தர் சொல்லும் பதிலுக்கு மரியாதை கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். இதைப் படித்துவிட்டு யாரும் போட்ட கட்டைப் பிரிக்கவோ, கொடுத்த மாத்திரையை நிறுத்தவோ வேண்டாம். வீட்டில் பந்து எறிகிற வாண்டு இருந்தால், வலிக்குதான்னு கேட்பதோடு நிறுத்தாமல் கையை முழுசா நீட்டி மடக்கச் சொல்லிப் பாருங்க. ஒரு கை மற்ற கை அளவுக்கு நீளலைன்னா டாக்டரிடம் காட்டிடுங்க.